ஒண்ணாம் நம்பர் சீசன் டிக்கெட்

எனக்குப் பிடிக்காத ஒருவரைப் பற்றி எழுதப் போகிறேன். காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்வார்கள். இவர் விஷயத்தில் காலம் கொஞ்சம் சோம்பேறித்தனமாகத்தான் வேலை பார்த்திருக்கிறது. இருபது வருடம் ஆகப்போகிறது. இன்னும் கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து கரகரவென்று குரல் கொடுத்தால் என் தோள்பட்டை தானாக இறுகிக்கொள்ளும். பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் விருத்தாசலத்தில் பாதிப் பேருக்கு யாரென்று தெரியாது. 'ஒண்ணாம் நம்பர்' என்றால்தான் தெரியும்.

எங்கள் ஊர்க் கால்பந்து கிளப் வருடா வருடம் மே மாதத்தில் பத்து நாள் டோர்னமென்ட் நடத்தும். பாண்டிச்சேரி, திருச்சி, சேலம் என்று வெளியூர் டீமெல்லாம் வரும். மைதானத்தைச் சுற்றிக் கீற்றுத் தட்டி கட்டி, சவுக்குக் கழியில் கேலரி போட்டு, வாசலில் டிக்கெட் கிழிப்பார்கள். பத்து நாளுக்கும் சேர்த்து வாங்கினால் அது சீசன் டிக்கெட். ஒரு வருடம் அந்தச் சீசன் டிக்கெட்டைப் பயல்கள் கலர் ஜெராக்ஸ் எடுத்துவிட்டார்கள். கூட்டம் தாங்காமல் கேலரி ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த வருடம் கிளப் செகரெட்டரி, "காயிதத்துல அடிச்சாத்தான ஜெராக்ஸ் எடுப்பானுவ, மண்ணுல பண்ணுவோம், எவன் எடுக்கிறான்னு பாக்கறேன்" என்றார். அவருக்குச் செராமிக் எஸ்டேட்டில் சொந்தக் கம்பெனி இருந்தது. நான் அந்தக் கம்பெனியில் மண்ணை அச்சில் அழுத்தி எடுக்கிற அச்சு வேலை பார்த்தேன். அதனால் சீசன் டிக்கெட் செய்கிற வேலை என் தலையில் விழுந்தது. பிஸ்கட் அளவுக்கு வட்டமாக ஒரு பீங்கான் வில்லை, மேலே கயிறு கோக்க ஓட்டை, நடுவில் ஈர மண்ணிலேயே குத்தின நம்பர். வருடத்துக்கு ஒரு நிறம் பூசிச் சூளையில் வைத்து எடுப்போம். வாங்கியவர்கள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வர வேண்டும்.

சூளை ஆறுவதற்குள் நான் சொல்ல வந்த மனுசன் எங்கள் கம்பெனி வாசலில் வந்து நிற்பார். அவருக்கு ஒன்றாம் நம்பர்தான் வேண்டும். துண்டை விரித்துச் சூட்டோடு வாங்கிக்கொண்டு முதலில் நகத்தால் சுண்டிப் பார்ப்பார். டிங்கென்று சுத்தமாகச் சத்தம் வந்தால்தான் கழுத்தில் ஏறும். ஒரு வருடம் சத்தம் பிசிறடிக்கிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் ஒருவருக்காக இன்னொரு ஒன்றாம் நம்பர் சுட்டுக் கொடுத்தேன்.

சுண்டிப் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. எங்கள் கம்பெனிக்குப் பக்கத்துச் சந்தில் இன்னொரு கம்பெனியில் தரம் பிரிக்கிறவராக இருந்தார். சூளையிலிருந்து வந்த, கரண்ட் பெட்டிக்கான பீங்கான் ஃபியூஸ் கேரியர்களும் இன்சுலேட்டர்களும் மேசையில் மலையாகக் குவிந்திருக்கும். ஒவ்வொன்றாகத் தட்டிக் காதால் கேட்டு நல்லதை இடது பக்கக் கூடையில் வைப்பார், விரிசல் விட்டதை வலது பக்கம் பார்க்காமலே வீசுவார். அது போய்ச் சுவரில் மோதி உடைகிற சத்தம் எங்கள் கம்பெனி வரைக்கும் கேட்கும். இருபத்தைந்து வருடம் விரிசலைத் தேடித் தேடியே அவருக்கு மனுசனைப் பார்த்தாலும் விரிசல்தான் தெரிந்தது. வீட்டில் அவர் எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் விரும்பியதில்லை.

நான் அந்தக் கிளப்பின் கோல்கீப்பர். பெயர் சகாயம். இந்த இரண்டையும் சொல்லிவிட்டால் என் கஷ்டம் பாதி புரிந்துவிடும். ஏனென்றால் சீசன் டிக்கெட்காரர்களுக்குச் சாமியானாவுக்குக் கீழே நாற்காலி போட்டிருக்கும், அவர் மட்டும் அதில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. எங்கள் கோல்கம்பத்துக்குப் பின்னால், வலையிலிருந்து நாலடி தள்ளி, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்பார். பாதி ஆட்டம் முடிந்து பக்கம் மாறும்போது அவரும் மைதானத்தைச் சுற்றி நடந்து அந்தப் பக்கம் வந்துவிடுவார். கேலரிக்காரன் திட்டினால் இருபத்திரண்டு பேருக்கும் பொது என்று விட்டுவிடலாம். இவர் திட்டுவது நேராக என் பிடரிக்குத்தான்.

"சகாயம், காலு ரெண்டும் கம்பத்துல கட்டிப் போட்டுருக்கா? வெளிய வாடா."

வெளியே வந்தால், "யாரு உன்ன வரச் சொன்னா?"

நல்லதாக ஒரு பந்தைப் பாய்ந்து பிடித்தால் மொத்தக் கேலரியும் எழுந்து கத்தும். பின்னால் இருந்து மட்டும் ஒரு சத்தமும் வராது. ஒருமுறை பொறுக்காமல் திரும்பியே கேட்டேன். "ஏண்ணே, இதுக்குக் கூடக் கை தட்ட மாட்டீங்களா?"

"பிடிக்கத்தான நிக்க வச்சிருக்காங்க. போஸ்ட்மேன் தபால் குடுத்தா கையா தட்டறாங்க?"

மூன்று கோல் போட்டு ஜெயித்த நாளில் டீக்கடையில் நின்றுகொண்டு நாலாவது கோல் ஏன் விழவில்லை என்று கணக்குச் சொல்வார். தோற்ற நாளில் யாரையும் திட்டாமல் வீட்டுக்குப் போய்விடுவார், அது இன்னும் மோசம். நாங்கள் திட்டுக்குக் கூட லாயக்கில்லை என்று அர்த்தம். அவருக்குச் சீசன் டிக்கெட் பற்றி ஒரு கொள்கை இருந்தது. டீக்கடையில் யாராவது, 'இவ்வளவு பிடிக்காத டீமுக்கு எதுக்கு முதல் டிக்கெட் வாங்குற' என்று கேட்டால் போதும், ஆரம்பித்துவிடுவார்.

"தெனம் டிக்கெட்டு வாங்கறவன் நல்ல ஆட்டமா பாத்து வருவான். அவன் விருந்தாளி, கை தட்டிட்டுப் போவட்டும். சீசன் வாங்கறவன் கேவலமா ஆடற நாளைக்கும் சேத்து வாங்கறான்ல? அவனுக்குத்தான் திட்டற பாத்தியதை. இதுல எனக்கு ஒண்ணாம் நம்பர். மொத பாத்தியதை எனக்கு."

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. சொல்லியிருந்தாலும் அந்தப் பழமொழியில் என்ன தப்பு என்று பார்த்திருப்பார்.

எங்கள் அம்மா ஒரே ஒருமுறை என் ஆட்டம் பார்க்க வந்தார். ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம். பந்து என்றாலே மகன் கை கால் உடைத்துக்கொள்கிற சமாச்சாரம் என்று பயந்துகொண்டிருந்தவரை அக்காதான் வற்புறுத்திக் கூட்டிவந்தாள். கோலுக்குப் பின்னால் நின்றால் மகன் நன்றாகத் தெரிவான் என்று யாரோ சொல்ல, அம்மா நேராக அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். அன்றைக்கு ஒரு பந்து என் கைக்கு அடியில் நழுவி உள்ளே போனது. "சாணி அள்றவன் கூட இத அள்ளியிருப்பான்" என்றார் அவர். அம்மா திரும்பிப் பார்த்து, "அது எம்புள்ளைங்க" என்றார். வேறு எந்த மனுசனாக இருந்தாலும் நாக்கைக் கடித்துக்கொண்டிருப்பான்.

"இருக்கட்டும்மா. அதுக்கு நான் என்ன பண்றது? பந்து அதெல்லாம் பாத்துட்டா வருது?"

அம்மா அதற்கப்புறம் மைதானத்துப் பக்கம் வரவே இல்லை. எனக்குப் பெண் பார்த்த இடம் கருவேப்பிலங்குறிச்சி. மாப்பிள்ளை எப்படி என்று விசாரிக்க வந்த பெரியவர் எஸ்டேட் டீக்கடையில் இவரிடமே போய்க் கேட்டிருக்கிறார். "குடி, சூது ஒண்ணும் கெடயாது. ஒயரத்துல வர்ற பந்துக்குத்தான் ஆவாது" என்று சொல்லி அனுப்பினாராம். அந்தப் பெரியவருக்கு என்ன புரிந்ததோ, சம்பந்தம் இரண்டு மாதம் தள்ளிப்போனது. என் மனைவி இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

அவருடைய கை விரல் பற்றியும் சொல்லியாக வேண்டும். மண் டிக்கெட் வந்த முதல் வருடம், எஸ்டேட்டில் எவனோ ஒருவன் சுட்ட டிக்கெட்டின் மேல் பிளாஸ்டரை ஊற்றி அச்செடுத்து, அந்த அச்சில் மண்ணைப் போட்டு டூப்ளிகேட் செய்துவிட்டான். நிறம், நம்பர், ஓட்டை எல்லாம் அச்சு அசல். வாசலில் டிக்கெட் பார்க்கிற பழனி ஏமாந்துபோய் உள்ளே விட்டுக்கொண்டிருந்தான். கோலுக்குப் பின்னால் போகிற வழியில் நம்மாள் ஒரு பயலின் கழுத்தில் தொங்கியதைச் சும்மா கையால் தொட்டார். "இது சின்னது" என்றார். வைத்துப் பார்த்தால் உண்மைதான், ஒரு நூல் சின்னது. மண் சூளையில் சுருங்கும். சுட்டதிலிருந்து அச்செடுத்து மறுபடி சுட்டால் இன்னொரு தரம் சுருங்கிவிடும். செராமிக் ஊரில் பிறந்து வளர்ந்தவனே அவசரத்தில் அதை மறந்துவிட்டான் என்று ஊரே சிரித்தது. அவர் சொன்ன யோசனைப்படி செகரெட்டரி ஒரு இரும்பு வளையம் செய்து வாசலில் கட்டிவைத்தார். நிஜ டிக்கெட் வளையத்தின் மேல் உட்காரும். டூப்ளிகேட் என்றால் உள்ளே விழுந்துவிடும்.

இனி நான் செய்ததைச் சொல்லலாம்.

ஒரு அரசுத் துறை டீமுக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் கோல்கீப்பர் எடுக்கப் போகிறார்கள் என்று செகரெட்டரிக்குச் செய்தி வந்தது. உத்தியோகம், பென்ஷன் எல்லாம் உண்டு. அந்த டீமின் கோச் எங்கள் டோர்னமென்டின் அரையிறுதி பார்க்க வந்தார். எனக்கு மண் தூசியில் மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்த நேரம். அச்சு வேலையை விட்டால் வேறு தொழில் தெரியாது. அன்றைக்கு ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது சேலம் டீமுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பின்னாலிருந்து அந்தக் குரல் ஊருக்கே கேட்கிற மாதிரி வந்தது.

"சகாயம், ஒயரத்துல தூக்கிக் கடைசிக் கம்பத்துக்குப் போட்டா உனக்கு ஆவாதுடா, முன்னாடியே போயி நில்லு."

என்னிடம்தான் சொன்னார். ஆனால் கார்னர் அடிக்கப் போனவனுக்கும் காது இருந்தது. அவன் சிரித்துக்கொண்டே உயரத் தூக்கிக் கடைசிக் கம்பத்துக்கே போட்டான். கோல். தோற்றோம். கோச் சாமியானாவிலிருந்து எழுந்து போகிறதை நான் கோலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாக்கா அது, நாசகாரி.

அந்த இடத்துக்கு அந்த வருடம் யாரையும் எடுக்கவில்லை. அடுத்த மே மாதம் கோச் இறுதி ஆட்டம் பார்க்க மறுபடி வருவதாகச் சொல்லி அனுப்பினார். எனக்கு அதற்கடுத்த மாதத்தோடு வயது வரம்பு முடிகிறது. இதுதான் கடைசி. நாங்களும் எப்படியோ இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டோம். அந்த ஒருநாள், ஒன்றரை மணி நேரம், என் முதுகுக்குப் பின்னால் அந்த ஆள் இருக்கக் கூடாது. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கெஞ்சியும் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது. அவர் தரம் பிரிக்கிற மேசைக்கு எதிரில் போய் நின்று, "அண்ணே, இந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும் வாயத் தொறக்காம இருங்க. என் பொழப்பு அதுல இருக்குது" என்றேன். அவர் தட்டிக்கொண்டிருந்த ஃபியூஸ் கேரியரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ நல்லா ஆடு. நான் ஏன் வாயத் தொறக்கறேன்?"

அப்போதுதான் அவர் தலைக்கு மேல் ஆணியில் தொங்கிய டிக்கெட்டைக் கவனித்தேன். அந்த வருடம் பச்சை நிறம். வேலை நேரத்தில் அது கழுத்தில் ஆடி மேசையில் இடித்தால் காதுக்குச் சத்தம் குழம்பும் என்று கழற்றி மாட்டி வைப்பது அவர் வழக்கம்.

டிக்கெட் செய்தவன் நான். விற்காமல் மிச்சம் நின்ற டிக்கெட்டும் நம்பர் குத்துகிற அச்சும் மேலே பூசுகிற பச்சை கிளேஸும் என் கையில்தான் இருந்தன. மிச்சத்தில் ஒன்றின் நம்பரை மண்ணால் அடைத்து, அதன் மேல் பிளாஸ்டர் ஊற்றினேன். அதில் மண்ணை அழுத்தி எடுத்து, காய்வதற்கு முன் ஒன்று என்று குத்தி, விளிம்பைத் துடைத்து, மற்ற சரக்கோடு சூளைக்குள் அனுப்பினேன். மூன்றாம் நாள் எடுத்தபோது அழகாக, ஒரு நூல் சின்னதாக வந்திருந்தது. இறுதி ஆட்டத்தன்று அவசர ஆர்டர் என்று அவர் கம்பெனியில் மத்தியானம் வரைக்கும் வேலை இருந்தது. அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்ததை எடுத்துக்கொண்டு என்னுடையதை மாட்டினேன். நிஜ டிக்கெட்டைக் கம்பெனிக்குப் பின்னால் மலையாகக் கிடக்கிற உடைசல் பீங்கானில் வீசினேன். ரொம்ப நாள் பாரத்தை இறக்கி வைத்த மாதிரிதான் இருந்தது.

மைதானத்து வாசல், நாங்கள் உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டிருந்த கோலுக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால் எல்லாவற்றையும் நான் பார்த்தேன். அவர் வந்தார். டிக்கெட்டைப் பழனியிடம் நீட்டவில்லை. கையில் மூடிப் பிடித்திருந்தார்.

"பழனி, இது என்னுது இல்ல. எவனோ மாத்திட்டான். கழுத்துல போட்டதுமே தெரிஞ்சிது, இது சின்னது. வளையத்துல வுழும். பெஞ்சிக்கு அடியில எல்லாம் தேடிப் பாத்துட்டேன். கெடைக்கல. நீ என்ன உள்ள வுடு, நாளைக்குத் தேடிக் குடுக்கறேன்."

பழனி செகரெட்டரியைக் கூப்பிட்டான். செகரெட்டரிக்கும் பழைய பாக்கி ஒன்று இருந்தது. முந்தின வருடம் அவருடைய மருமகனை முன்வரிசையில் ஆட வைத்தபோது, "செகரெட்டரி வூட்டுச் சோத்தத் திங்கறவன செகரெட்டரி வூட்டுலயே ஆட வுடு" என்று இவர் கத்தியிருந்தார். செகரெட்டரி டிக்கெட்டை வாங்கி வளையத்தில் வைத்தார். அது விழுந்தது. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வருடக்கணக்காக ஊரில் எல்லோருக்கும் குறை சொன்ன ஆள் மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் சந்தோஷம் இருக்காது?

"ஒரிஜினல உங்காளு எவன் கழுத்துலயாவது போட்டு உள்ள அனுப்பிட்டு, டூப்ளிகேட்டுல நீங்க வரீங்களா? வளையம் வைக்கச் சொன்னதே நீங்கதான. சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாங்க."

அவர் திட்டவில்லை. அந்த வாய்க்கு வார்த்தை வராமல் நின்றதை நான் அன்றுதான் பார்த்தேன். பழனி அவர் தோளில் கை வைத்து மெதுவாக வெளியே நகர்த்தினான். கேலரியின் பின்வரிசையில் இருந்த பயல்கள், "டூப்ளிகேட்டு, டூப்ளிகேட்டு" என்று ராகம் போட ஆரம்பித்தார்கள்.

அவர் இல்லாமல் எனக்குக் கை கால் ஓடவில்லை, அந்தக் குரலைத் தேடித் தவித்தேன் என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் இல்லாமல் நான் நன்றாகவே ஆடினேன். முதுகுக்குப் பின்னால் அமைதி. தலைக்குள்ளும் அமைதி. இரண்டாம் பாதியில் பாண்டிச்சேரிக்காரன் அடித்த கார்னருக்கு யாரும் சொல்லாமலே வெளியே போய் எல்லோர் தலைக்கும் மேலே பந்தைக் குத்தித் தள்ளினேன். ஒரு கோலில் ஜெயித்தோம். கோச் இறங்கிவந்து கை கொடுத்து, சர்டிபிகேட்டெல்லாம் எடுத்துவைக்கச் சொன்னார்.

மறுநாள் காலையில் அவர் எங்கள் கம்பெனிக்கு வந்தார். நான் அச்சுகளைக் காயவைத்துக்கொண்டிருந்தேன். வேறு யாரும் இல்லை. ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து அந்தச் சின்ன டிக்கெட்டை எடுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"நேத்து ரெண்டாவது பாதியில ஒரு பெருஞ்சத்தம் வந்துது. கார்னரா?"

"ஆமாண்ணே."

"வெளிய போனியா?"

"போனேன்."

"கையில பிடிச்சியா, குத்துனியா?"

"குத்துனேன்."

"பிடிச்சிருக்கணும்" என்றார்.

அவர் டிக்கெட்டைத் திருப்பி விளிம்பைக் காட்டினார்.

"இந்த எஸ்டேட்டுல விளிம்ப இவ்ளோ சுத்தமாத் தொடைக்கிறவன் நீ ஒருத்தன்தான். வேற எவனாவது பண்ணியிருந்தா கொஞ்சம் பிசிறு இருந்திருக்கும். நெசமானத எங்க போட்ட?"

"பின்னாடி. உடைசல்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை செகரெட்டரியிடம் சொன்னால் போதும். கிளப் டிக்கெட்டைத் திருட்டுத்தனமாகச் செய்தவன் என்று கடிதம் போனால் எந்தத் துறையும் என்னை எடுக்காது. கம்பெனி வேலையும் போகும். நான் என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. மன்னிப்புக் கேட்டேனா என்பதும் தெரியவில்லை. அவர் சொன்னது மட்டும் ஒரு எழுத்து விடாமல் நினைவிருக்கிறது.

"பயப்படாத, சொல்ல மாட்டேன். உனக்காவன்னு நெனச்சிக்காத. நான் சொன்னா உன் வேல போவும். வேல போனா நீ இங்கயேதான் கெடப்ப. வேற ஆளு இல்லன்னு இன்னும் பத்து வருசம் உன்னயே நம்ம கோல்ல நிக்க வைப்பாங்க. அத என்னால பாக்க முடியாது. நீ கெளம்பு. நம்ம டீமுக்கு நல்ல கீப்பரு வரட்டும்."

எழுந்து போய்விட்டார். டிக்கெட்டை எடுத்துக்கொள்ளவில்லை. நான் அதைச் சம்மட்டியால் நொறுக்கினேன். காப்பாற்றினாரே என்று நன்றி வரவில்லை. காப்பாற்றும்போது கூட அவமானப்படுத்தியே காப்பாற்றினாரே என்று ஆத்திரம்தான் வந்தது. அந்த ஆத்திரம் எனக்கு ரொம்ப உதவியாக இருந்தது. அது இருக்கும் வரைக்கும் நான் வேறு எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நாலு மாதத்தில் எனக்கு ஆர்டர் வந்தது, திருச்சிக்குப் போனேன். கிளப் கமிட்டி கூடி அவருக்கு இனிமேல் எந்த டிக்கெட்டும் கொடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டு வாசலில் எழுதி ஒட்டினார்கள். ஒண்ணாம் நம்பர் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த ஊர் அவரை டூப்ளிகேட்டு என்று கூப்பிட ஆரம்பித்தது. டீக்கடையில் அவர் வாயைத் திறந்தால், "நீ பேசாத டூப்ளிகேட்டு" என்று நண்டும் சிண்டும் சொல்லும் அளவுக்கு ஆனது. அவர் யாரிடமும் என் பெயரைச் சொல்லவில்லை.

அடுத்த மே மாதம் லீவில் வந்தேன். அரசு வேலைக்குப் போன முதல் ஆட்டக்காரன் என்று செகரெட்டரி என்னை இறுதி ஆட்டத்துக்குச் சிறப்பு விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தார். மைதானத்துக்குள் நுழையும்போது அவரைப் பார்த்தேன். வாசலுக்கு இந்தப் பக்கம், எங்கள் கோலுக்கு நேர்பின்னால், தட்டிக்கு வெளியே துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். அங்கிருந்து ஒன்றும் தெரியாது, சத்தம்தான் கேட்கும். பழனியிடம் கேட்டேன். பத்து நாளும் வந்து நிற்கிறார், கூட்டத்தின் சத்தத்தை வைத்தே திட்டுகிறார், பாதிக்குமேல் சரியாக இருக்கிறது என்றான். பாதி ஆட்டத்தில் வெளிப்பக்கமாகவே சுற்றி நடந்து அந்தக் கோலுக்குப் பின்னால் போய்விடுகிறாராம். புதுக் கீப்பரைப் பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். அவனையும் விட்டுவைப்பதில்லை என்றான்.

ஆட்டத்துக்கு முன்னால் நடு மைதானத்தில் எனக்குச் சால்வை போட்டார்கள். செகரெட்டரி மைக்கில் என்னைப் பற்றி ரொம்ப நேரம் பேசினார். உழைப்பு என்றார், ஒழுக்கம் என்றார். அப்புறம் மைக்கை என் கையில் கொடுத்து, "ரெண்டு வார்த்த பேசுங்க தம்பி" என்றார்.

ஊர் முழுக்க அங்கே இருந்தது. வேலையில் சேர்ந்தாகிவிட்டது, ஒரு வருடத்துக்கு முந்தின டிக்கெட்டுக்காக யாரும் அதைப் பிடுங்கப் போவதில்லை. சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். 'அந்த டிக்கெட்டை மாற்றினது நான்தான்.' தட்டிக்கு வெளியே அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். மைக்கைப் பிடித்தேன். வணக்கம் சொன்னேன். கிளப்புக்கு நன்றி சொன்னேன், செகரெட்டரிக்கு நன்றி சொன்னேன், எங்கள் அம்மாவுக்கு நன்றி சொன்னேன். அப்புறம் நிறுத்தினேன். ஸ்பீக்கர் இரைந்துகொண்டிருந்தது. எல்லோரும் நான் இன்னும் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

"போதும்டா. பந்த எடுங்க" என்று தட்டிக்கு வெளியிலிருந்து குரல் வந்தது.

கேலரி மொத்தமும் சிரித்தது. "டூப்ளிகேட்டுக்கு வாயப் பாரு" என்றார் செகரெட்டரி. நானும் சிரித்துக்கொண்டே மைக்கைச் செகரெட்டரி கையில் கொடுத்தேன்.